பின்சீட்டுக் கையெழுத்து

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். அவளுக்குத்தான் காலையில் எழுந்தால் பத்துத் தும்மல். உன் வீட்டில் எல்லோரும் எப்படி? அப்பாவின் இடுப்பு எப்படி?

அப்பாவின் கடிதம் வந்தது. வழக்கம்போல, நீ பிசியோதெரபிக்கு அழைத்துப் போகும்போது பின்சீட்டில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து எழுதியது. என்ன எழுதியிருக்கிறார் என்பது இருக்கட்டும். எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்த்தேன். நாலு வரிக்கு ஒரு எழுத்து மேலே எகிறுகிறது, அப்புறம் மூன்று முறை அலையடித்துவிட்டுத்தான் வரி நேராகிறது. அது கைநடுக்கம் இல்லை. வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகும் உன் வண்டி மூன்று முறை ஊஞ்சலாடுகிறது. ஷாக் அப்சார்பர் செத்துப் பல நாளாகியிருக்கும். டிரைவிங் ஸ்கூலில் ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவனுக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று?

நாலு புது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எங்கள் பட்டறையில் பெரிய இடத்து வண்டிகளுக்குப் போடுவது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சின்னத் திருகு இருக்கும். வலப்பக்கம் திருகினால் டிக் டிக் என்று பன்னிரண்டு வரை போகும். ஏற ஏற விறைப்பு. விறைப்பாக வைத்தால் வளைவில் வண்டி சாயாது, ரோட்டைக் கவ்விக்கொண்டு போகும். ஆனால் கிடக்கிற கல் ஒவ்வொன்றும் உட்கார்ந்திருப்பவன் முதுகில் வந்து பேசும். தளர்த்தினால் மெத்தை, வளைவில் மட்டும் கொஞ்சம் சாயும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. அப்பாவின் இடுப்புக்கு மூன்றாவது டிக். நானே வைத்து அனுப்பியிருக்கிறேன். மாட்டுவது மட்டும்தான் உன் வேலை. திருகில் கை வைக்காதே.

அப்பா உட்கார்ந்து பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

உன் நலம் நாடும்
அண்ணன்

ஜனவரி 30

அண்ணனுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு பரவாயில்லை. அண்ணியை ஆவி பிடிக்கச் சொல்.

பார்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து மாட்டினேன். பழைய போல்ட் ஒன்று துருப்பிடித்து, வரமாட்டேன் என்று அடம்பிடித்ததில் என் கட்டைவிரல் நகம் போயிற்று. அதை யாரும் கேட்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். முதல் வேகத்தடையில் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அட்டையிலிருந்து பேனாவை எடுக்கவே இல்லை அவர். "ஆகா! பெரியவன் கை வச்சா வச்சதுதான்டா. வழுக்கிட்டுல்ல போகுது!" என்றார். பிசியோதெரபி அம்மாவிடம் சொன்னார். வீடு திரும்பியதும் எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியாரை இழுத்து வந்து பின்சீட்டில் உட்காரவைத்து, என்னை இரண்டு தெரு சுற்றச் சொன்னார். "பெரியவன் அனுப்பினது சார், பெரியவன்!" நான் என்ன, ஸ்டியரிங்கில் ஒட்டிவைத்த பொம்மையா?

இரண்டு வருஷமாக வாரம் இரண்டு நாள் இந்த வண்டியை ஓட்டுகிறேன். எந்தத் தெருவில் எத்தனை குழி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவர் இடுப்புக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கியர் மாற்றுகிறேன். ஒரே ஒரு நாள் "நல்லா ஓட்டினடா" என்று சொன்னதில்லை. நீ ஒரு பெட்டி அனுப்பினாய், தெருவுக்கே கேட்கிறது. வயிற்றெரிச்சல் என்று நினைத்தால் நினைத்துக்கொள். ஆமாம், வயிற்றெரிச்சல்தான்.

அப்பா உனக்கு எழுதியதைத் தனியாகத் தபாலில் போட்டிருக்கிறேன். எப்போதும்போல ஒட்டித்தான் கொடுத்தார்.

தம்பி

பிப்ரவரி 11

அன்புத் தம்பிக்கு,

அண்ணிக்குத் தும்மல் குறைந்திருக்கிறது. உன் நகம் முளைத்துவிட்டதா? அந்த மாதிரி போல்ட்டுக்கு முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "வழுக்கிட்டுல்ல போகுது" என்றா சொன்னார்? அப்படியேவா? வாத்தியாரிடம் வேறு என்ன சொன்னார்? அடுத்த முறை ஒரு வார்த்தை விடாமல் எழுது. எனக்கு எழுதுகிற கடிதத்தில் அவர் இதையெல்லாம் எழுதுவதில்லை. வேறு கதை எழுதுகிறார்.

கையெழுத்து மட்டும் கோடு போட்ட மாதிரி இருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

உனக்கு எதற்கு வயிற்றெரிச்சல்? காலையில் எழுந்தால் அப்பா முகத்தில் விழிக்கிறாய். நான் வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் லீவு கிடைத்தால்.

அண்ணன்

மார்ச் 4

அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். நகம் பாதி முளைத்திருக்கிறது.

நீ அனுப்பிய மெத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர்த் தொட்டி பக்கத்து வளைவில் வண்டி சாய்கிறது. நான் மாணவர்களுக்கு எது கூடாது என்று சொல்கிறேனோ, அது. அப்பாவிடம் சொன்னேன், "வளைவுல சாயுதுப்பா." அவர் பேனாவை நிறுத்தாமலே சொன்னார், "உனக்கு வளைக்கத் தெரியல. அவன் வச்சா சரியாத்தான் இருக்கும்."

எனக்கு வளைக்கத் தெரியவில்லையாம். எழுநூறு பேருக்கு வளைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். 

நீ ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னாயே, இதோ: "பெரியவனுக்கு இருக்கிற மூளை இந்த வீட்ல யாருக்கு இருக்கு?" வீட்டில் இருப்பது நானும் என் வீட்டுக்காரியும்தான். வைத்துக்கொள், ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்.

மற்றபடி வண்டி நீ வைத்தபடியேதான் இருக்கிறது. நான் எதையும் தொடவில்லை.

தம்பி

மார்ச் 18

பெரியவனுக்கு அப்பா எழுதுவது.

உனக்கும் மருமகளுக்கும் என் ஆசீர்வாதம். தும்மல் நின்றதா? என் உடம்பு ஓடுகிறது.

வழக்கமான இடத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து துள்ளினால் பேனாமேல் பழியைப் போடு. புதுப் பேனா, முரட்டுப் பேனா.

சின்னவனைப் பற்றித்தான் எழுத வேண்டும். இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டினேன். இவனைப்போல கிளட்சை விடுகிறவன் எங்கள் டிப்போவில் இரண்டு பேர் இருந்திருந்தால் அதிகம். கியர் மாறுவது காதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. வண்டி நிற்கப்போகும் கடைசி நொடியில் பிரேக்கிலிருந்து காலை ஒரு துளி தளர்த்துகிறான் பார், தலை முன்னால் போய் ஆடாது. அதெல்லாம் சொல்லிக் கொடுத்து வருவதில்லை.

இடுப்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து என்னைக் குளிப்பாட்டுவதும் அவன்தான். சோப்புப் போட்டுக்கொண்டே டிரைவிங் ஸ்கூல் கதை சொல்வான். ஒரு அம்மா பிரேக் என்று நினைத்து ஹாரனை அமுக்கிக்கொண்டே போய்க் காய்கறி வண்டிக்காரனை மிரட்டி ஓடவைத்தாளாம். இவன் தன் பக்கத்தில் இருக்கிற பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, "ஹாரன் நல்லா அடிக்கறீங்க, அது பாஸ்" என்றானாம். சிரித்துச் சிரித்து எனக்கு இடுப்பே வலித்தது.

இதையெல்லாம் அவனிடம் எழுதித் தொலைக்காதே.

போன வாரத்திலிருந்து வலது கால் கொஞ்சம் இழுக்கிறது. வயசு. நீ உன் வேலையைப் பார்.

அப்பா

மார்ச் 29

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அப்பாவின் கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

தண்ணீர்த் தொட்டி வளைவில் இப்போதும் சாய்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

இங்கே ஒரு வக்கீல் வண்டி வந்திருக்கிறது. பந்தய வண்டி மாதிரி விறைப்பாக வைக்கச் சொல்கிறார். பின்சீட்டில் அவருடைய அம்மா உட்காருவாராம். "உங்க அம்மா மேல அப்படி என்ன சார் கோபம்?" என்று கேட்டேன். சிரித்தார்.

வேலை அதிகம். இதற்குமேல் எழுத நேரமில்லை.

அண்ணன்

ஏப்ரல் 22

அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதக் கை வரவில்லை. எல்லோரும் நலம்.

வளைவில் இப்போது சாயவில்லை. தானாகவே சரியாகிவிட்டது. புது ஸ்பிரிங் ஓட ஓட இறுகுமோ என்னவோ, நீதான் சொல்ல வேண்டும்.

அப்பா மாறவில்லை. பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் "அருமை" என்கிறார். எனக்கு ஒன்று புரியவில்லை. நீ நாலு இரும்புக் கட்டையை அனுப்பியிருந்தாலும் இப்படித்தான் சொல்வாரா? "முதுகு எப்படிப்பா இருக்கு?" என்று நானே வாயைக் கிளறினேன். "எனக்கென்ன, ராஜா மாதிரி போறேன்."

வண்டியில் எழுதுவதை மட்டும் நிறுத்திவிட்டார். கதவுக்கு மேலே இருக்கிற பிடியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வருகிறார். அதனால் உனக்குக் கடிதம் வரவில்லை என்று வருத்தப்படாதே. நீ அந்த வக்கீலின் அம்மாவைக் கவனி.

தம்பி

மே 15

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. அப்பா படுத்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை கிளினிக் வாசலில் கதவைத் திறந்தேன். அவரால் காலைத் தூக்கி வெளியே வைக்க முடியவில்லை. "ஒரு நிமிஷம்டா" என்றார். அந்த ஒரு நிமிஷம் கால்மணி நேரம் ஆயிற்று. கடைசியில் நானும் பிசியோதெரபி அம்மாவும் தூக்கினோம். டாக்டர் பார்த்துவிட்டு, "நரம்பு அழுந்தியிருக்கு, ஆறு வாரம் படுக்கைதான். வண்டியில ரொம்பக் குலுங்கினாரா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். பிப்ரவரிக் கடைசியில் திருகை ஐந்தில் வைத்தேன். "உன் அண்ணன் அனுப்பினது சரியில்ல" என்று ஒரே ஒரு தடவை அவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லவில்லை. எட்டில் வைத்தேன். உன்னைப் புகழ்ந்தார். ஏப்ரலில் பன்னிரண்டு. அதற்குமேல் திருகு போகவில்லை, போயிருந்தால் வைத்திருப்பேன். ஒவ்வொரு மேட்டிலும் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு "அருமை" என்றார். எனக்கு ஆத்திரம் ஏறியதே தவிர இரக்கம் வரவில்லை. அப்பாவின் முதுகு என் கண்ணுக்குத் தெரியவே இல்லை, உன் பெயர்தான் காதில் விழுந்துகொண்டிருந்தது.

திட்டி எழுது. அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தம்பி

மே 27

தம்பிக்கு,

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவை. இரண்டு முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை கொடு. மருந்தை நேரம் தவறாமல் கொடு. அவர் எப்படி இருக்கிறார் என்று உடனே எழுது.

திட்டச் சொல்கிறாய். எனக்கு அந்த யோக்கியதை இல்லை.

நீ திருகியது எனக்கு மார்ச்சிலேயே தெரியும். அப்பாவின் அந்த மாதக் கடிதத்தில் அலையே இல்லை. அதற்குப் பதிலாக மேட்டுக்கு மேடு ஒரு வெட்டு. இரண்டு இடத்தில் பேனா காகிதத்தையே கிழித்திருந்தது. மூன்றாவது டிக்கில் அப்படி வராது. எட்டாவது என்று அன்றைக்கே பட்டறையில் உட்கார்ந்து கணித்தேன். ஒரு தந்தி போதும், எல்லாம் நின்றிருக்கும். அடிக்கவில்லை. வக்கீல் கதையை ஜாடையாக எழுதிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஏன் என்று தெரிய வேண்டுமானால் இத்துடன் வரும் கட்டைப் பிரி. இரண்டு வருஷத்தில் அப்பா எனக்கு எழுதிய எல்லாக் கடிதமும் இருக்கிறது. உடம்பு எப்படி, மருமகள் எப்படி என்று எனக்கு இரண்டு வரி. பிறகு நாலு பக்கம் நீ. நீ கிளட்சை விடுவது, நீ பிரேக் பிடிப்பது, நீ சோப்புப் போடுவது. ஒவ்வொரு மாதமும் தபால்காரரைப் பார்த்ததும் ஓடிப்போய் வாங்கி, நின்றபடி படித்துவிட்டு, அன்று முழுக்க யார்மேலாவது எரிந்து விழுவேன். உன் அண்ணியைக் கேள்.

பார்சலை அப்பாவின் இடுப்புக்காக அனுப்பியதாக நானே நம்பினேன். இல்லை. நீ ஓட்டுகிற ஓட்டத்தில் என் பெயரையும் கொஞ்சம் கலக்கத்தான் அனுப்பினேன். நீ திருகியது தெரிந்ததும், இவன் மாட்டிக்கொள்ளட்டும், அப்பாவே ஒரு நாள் கண்டுபிடிக்கட்டும், அந்த நாலு பக்கம் அன்றோடு நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அப்பாவின் கால் இழுக்கிறது என்று அதே கடிதத்தில் இருந்தது. அதையும் படித்துவிட்டுத்தான் காத்திருந்தேன்.

நம் இருவரில் யார் பெரிய பாவி என்பதில்கூட உனக்கு முதலிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. அது நான்தான்.

அப்பாவிடம் சொல்லிவிடு. இந்தக் கடிதத்தையும் படித்துக் காட்டு.

அண்ணன்

ஜூன் 20

பெரியவனுக்கும் சின்னவனுக்கும் அப்பா எழுதுவது.

ஆசீர்வாதம், இருவருக்கும் ஒரே அளவு. வலி பாதியாகக் குறைந்திருக்கிறது. இன்று தலையணையில் சாய்ந்து உட்காரவிட்டார்கள்.

நடுவில் கார்பன் வைத்து எழுதுகிறேன். எவனுக்கும் ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது. சின்னவன் அடுத்த அறையில்தான் இருக்கிறான், இருந்தாலும் அவனுக்கும் இது தபாலில்தான் வரும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சின்னவன் போன வாரம் என் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பெரியவன் எழுதியதையும் படித்துக் காட்டினான். இரண்டு பேரும் ரொம்பக் கெட்டிக்காரர்கள். இருபத்தெட்டு வருஷம் ஒரே சீட்டில் உட்கார்ந்தவனுக்கு, வண்டி விறைத்தால் தெரியாதா? ஐந்தாவது டிக் வைத்தானே, அன்றைக்கே தெரியும். ஒவ்வொரு மேட்டிலும் இவன் கண்ணாடியில் என்னைப் பார்ப்பதும் தெரியும். வலிக்கிறது என்றால் பெரியவன் ஆசையாக அனுப்பியதைப் பழித்ததாகும். திருகிவிட்டாய் என்றால் சின்னவனைத் திருடன் என்றதாகும். சரி, முதுகு என்னுடையதுதானே என்று இருந்துவிட்டேன். நான் பண்ணியதும் முட்டாள்தனம்தான்.

எங்கள் டிப்போவில் ஒரு பழக்கம் உண்டு. ஓட்டுகிறவன் முகத்துக்கு நேரே "நல்லா ஓட்டறே" என்று சொல்ல மாட்டோம். சொன்னால் அன்றைக்கு எங்காவது முட்டும். புதிதாக வந்த கண்டக்டர் ஒருவன் என்னிடம் சொல்லித் தொலைத்தான், அன்றைக்கே டிப்போ கேட்டில் பஸ்ஸின் பக்கவாட்டை உரசினேன். மெக்கானிக்குக்கும் அதே விதி. புகழ்ந்தால் நட்டை முறுக்க மறப்பான். அதனால்தான் சின்னவனைப் பற்றிப் பெரியவனிடமும் பெரியவனைப் பற்றிச் சின்னவனிடமும் சொல்லி வந்தேன். யாருக்கும் அடிபடாமல் காப்பாற்றுவதாக நினைத்தேன். உங்கள் இருவரையும் ஒருவர்மேல் ஒருவரை முட்டவிட்டது நான்தான் என்று படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரிகிறது.

இப்போது கேளுங்கள். சின்னவனே, தபால் வரும்போது நீ டிரைவிங் ஸ்கூலில் இருப்பாய். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் பிரிப்பாய். ஸ்டியரிங் கையில் இருக்காது. அதனால் எழுதலாம். நீ நன்றாக ஓட்டுகிறாய். நான் ஓட்டியதைவிட நன்றாக ஓட்டுகிறாய்.

பெரியவனே, ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் படி. மூன்றாவது டிக்தான் சரி. என் கையெழுத்தைப் பார்த்து வண்டியின் நோயைச் சொல்ல உன்னைத் தவிர உலகத்தில் ஆள் கிடையாது.

லீவு போட்டுவிட்டு வா. நீ திருகை வை, அவன் ஓட்டட்டும். நான் பின்னால் உட்கார்ந்து தூங்கப்போகிறேன். எவனைப் பற்றியும் எழுதப்போவதில்லை.

அப்பா

ஜூன் 28

அண்ணா,

அப்பா நேற்று பிடித்துக்கொண்டு பத்து அடி நடந்தார். அண்ணிக்கு உடம்பு தேவலையா?

பிறந்ததிலிருந்து அப்பா எனக்கு எழுதிய முதல் கடிதம். அவர் சொன்னபடியே செருப்பைக் கழற்றிவிட்டு, சமையலறையில் நின்றபடி படித்தேன். "கண்ணுல என்ன?" என்று வீட்டுக்காரி கேட்டாள். வெங்காயம் என்றேன். அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா அறைக்குப் போனேன். முதுகுக்கு மருந்து தேய்த்துவிட்டு வந்தேன்.

திருகு இன்னும் பன்னிரண்டில்தான் இருக்கிறது. இனி அதை நான் தொட மாட்டேன். நீ வந்து உன் கையால் வை. அதுவரை வண்டியை எடுக்கப்போவதில்லை.

ஒன்று கேட்க வேண்டும். கேட்கக் கூடாது என்று ஐந்து நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், முடியவில்லை. மறைக்காமல் சொல். எனக்கு வந்தது கார்பன் பிரதி. நீலமாக, அங்கங்கே மங்கலாக இருக்கிறது. அப்படியானால் பேனாவால் எழுதிய மேல்தாளை உனக்கா அனுப்பினார்?

தம்பி

ஜூலை 6

தம்பி,

உன் அண்ணிக்குத் தும்மல் அடியோடு நின்றுவிட்டது. லீவு கிடைத்துவிட்டது. சனிக்கிழமை காலை வந்து சேருவோம்.

உன் கேள்வியைப் படித்துவிட்டு உரக்கச் சிரித்தேன். பட்டறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதே கேள்வியை உனக்கு எழுதி, வெட்கப்பட்டு மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

எனக்கு வந்ததும் கார்பன்தான். இரண்டு கார்பன் வைத்து எழுதியிருக்கிறார் மனுஷன். மேல்தாளை அவரே வைத்துக்கொண்டார். நான் வருவதற்குள் அவர் தலையணைக்கு அடியில் தேடாதே, நானும் வந்துவிடுகிறேன்.

அண்ணன்